நடிப்புக்கு இருபது மதிப்பெண்

நான் மதிப்பெண் போடுவதில் கருமி. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, மாணவர்கள் என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டதைத்தான் சொல்கிறேன். இருபதுக்குப் பதினான்கைத் தாண்டி என் பேனா ஏறாது. ஒரே ஒரு தடவை இருபதுக்கு இருபது போட்டேன். போட்ட கால் மணி நேரத்தில் அந்தத் தாளை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மடுகரையில் வீடு, புதுச்சேரி டவுனில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற வேலை. பஸ்ஸில் போய்வந்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் சினிமாவைத் திட்டுவதில் கழிந்தது. இவ்வளவு திட்டுகிறாளே என்றுதான், மாணவர்கள் திரைப்பட மன்றம் தொடங்கியபோது என் தலையில் அதைக் கட்டினார்கள். மொத்தம் பதினைந்து பேர். எங்களிடம் ஆர்வம் இருந்தது, கேமரா இல்லை.

கேமரா வைத்திருந்தவர் ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். வில்லியனூருக்குத் தெற்கே ஒரு கிறிஸ்தவப் பங்கு ஊர். மாதா கோயிலைச் சுற்றி இரண்டு தெரு, அதைச் சுற்றி நெல்லும் கரும்பும். அங்கே அவர் தனியாக இருந்தார். எட்டு மில்லிமீட்டர் கேமரா ஒன்றும் படம் காட்டும் மெஷின் ஒன்றும் பிரான்ஸிலிருந்து கொண்டுவந்திருந்தார். டிசம்பரில் மகளோடு இருக்கத் திரும்பிப் போகப்போவதாகவும், அதற்குள் கேமராவை நன்றாகப் படம் எடுக்கிற ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட நினைப்பதாகவும் சொல்லியனுப்பினார். ரீல்களும் அவரே தந்தார். நான்கு குழு, குழுவுக்கு ஒரு ரீல், பரிசு அந்தக் கேமரா. நடுவர்கள் அவரும் நானும்.

ஒரு ரீல் மூன்று நிமிடம் இருபது வினாடி ஓடும். வெட்டி ஒட்டும் வசதி எங்களிடம் இல்லை. எடுத்த வரிசைதான் படம், எடுத்தது எடுத்ததுதான். முழுக் கதைக்கு அது போதாது என்பதால், ஒரு திகில் படத்தின் தொடக்கத்தை மட்டும் எடுங்கள் என்று விதி வைத்தேன். பார்க்கிறவன் எழுந்து போகக் கூடாது, அடுத்து என்ன என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

விதியோடு நிறுத்தியிருக்கலாம். பிரசங்கமும் செய்தேன். கண்ணை உருட்டுவதும் வாயைப் பிளப்பதும் என்னிடம் செல்லாது, பயப்படுகிற மாதிரி நடிக்கிற முகம் எனக்கு வேண்டாம், நிஜமாகவே பயந்த ஒரு முகத்தைக் காட்டுங்கள், முழு மார்க் தருகிறேன் என்று மேஜையைத் தட்டிச் சொன்னேன். பதினைந்து பேரில் ஒருத்தி மட்டும் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். பரவாயில்லை, ஒருத்தியாவது கவனிக்கிறாள் என்று எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது.

அவள் சொல்தாவின் ஊர்க்காரி. அப்பா அந்தக் கோயிலின் கோயில்பிள்ளை. கோயில் கதவைத் திறப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, நேரத்துக்கு மணி அடிப்பது எல்லாம் அவர் வேலை. குடும்பம் குடியிருந்ததும் கோயில் இடத்தில்தான். சிறு வயதிலிருந்தே அந்தக் கேமராவைத் தொட்டுப் பார்த்து வளர்ந்தவள். "அது மட்டும் கெடைச்சா நான் வேற எதுவும் கேக்க மாட்டேன் மிஸ்" என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். அதிகம் பேசாத பெண் அவ்வளவு பேசியதே எனக்கு ஆச்சரியம்.

ஆடி மாதத்தில் எடுத்தார்கள். ரீலைக் கழுவ உறையில் போட்டு பிரான்ஸுக்கே தபாலில் அனுப்ப வேண்டும். போய்வர ஏழு வாரம் ஆனது. நான்கும் ஒன்றாக வந்து சேர்ந்த வாரம், சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்குச் சொல்தாவின் வீட்டில் மதிப்பீடு வைத்துக்கொண்டோம். மறுநாள் ஞாயிறு சாயங்காலப் பூசை முடிந்ததும் பள்ளிக்கூடச் சுவரில் நான்கையும் ஊருக்குப் போட்டுக் காட்டி, முடிவையும் அங்கேயே சொல்வதாக அவர் முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

ஜன்னல்களில் கம்பளி தொங்கியது. உள்ளே வெக்கை. என் மடியில் மதிப்பெண் தாள்: தொடக்கம், படப்பிடிப்பு, நடிப்பு, ஒலி, திகில், ஒவ்வொன்றுக்கும் இருபது. முதல் ரீலில் ஒரு பையன் ஆடி வெயிலில் குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு சுவர் ஏறினான். அவனுக்கு வேர்த்து ஊற்றியதுதான் திகில். இரண்டாவது, குருவிநத்தத்து ஆற்று மணலிலிருந்து ஒரு கை மெல்ல வெளியே வருகிறது. யோசனை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மண்ணுக்குள் புதைந்திருந்தவனுக்குச் சிரிப்பு வந்து மணல் மேடே குலுங்கியது. மூன்றாவதில் கரும்புத் தோட்டத்துக்குள் யாரோ யாரையோ துரத்தினார்கள். கேமராவும் கூடவே ஓடியதால் யார் யாரைத் துரத்தினார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. நாற்பத்தொன்று, ஐம்பத்திரண்டு, முப்பத்தெட்டு என்று போட்டுவிட்டு எரிச்சலோடு விசிறிக்கொண்டேன்.

நான்காவது ரீல் கோயில்பிள்ளை மகளுடையது. படத்தில் சத்தம் பதிவாகாது என்பதால் ஒவ்வொரு குழுவும் தனியாக டேப்பில் ஒலி எடுத்துவந்து கூடவே ஓட்டினார்கள். அவள் டேப்ரிக்கார்டரோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். மெஷின் ஓடத் தொடங்கியதும் பொத்தானை அழுத்தினாள்.

உச்சி வெயிலில் ஒரு தெரு. ஆள் நடமாட்டம் இல்லை. ஒரு ஆடு தார் ரோட்டைக் கடந்து நிழலுக்குப் போகிறது. இருபது வினாடி வேறெதுவும் நடக்கவில்லை. எனக்கு அதுவே பிடித்தது, காத்திருக்கத் தெரிந்திருக்கிறதே என்று. அடுத்து, மேலேயிருந்து தொங்கும் ஒரு கயிறு. அது இறங்குகிறது, ஏறுகிறது. இழுக்கிற ஆள் தெரியவில்லை. டேப்பில் மணி. மூன்று அடி, ஒரு நிறுத்தம். மூன்று அடி, ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று. பிறகு அதே தெரு. கதவுகள் திறக்கின்றன. குழாயடியில் நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே பக்கம் திரும்புகிறார்கள். சைக்கிளில் வந்தவன் காலை ஊன்றி நிற்கிறான். தெருக்கோடியிலிருந்து ஒருத்தி ஓடிவருகிறாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மீன் கழுவிக்கொண்டிருந்திருக்க வேண்டும், செதில் ஒட்டிய வலது கையைப் புடவையில் படாமல் தள்ளிப் பிடித்தபடியே ஓடிவருகிறாள். வாய் எதையோ திரும்பத் திரும்பச் சொல்கிறது. கேமராவுக்குப் பக்கத்தில் வருகிறபோது அவள் முகம் சுவர் முழுக்க நிறைந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவள் கேமராவைத் தாண்டிப் போகிறாள், தெரு மட்டும் மிச்சம். முடிந்தது.

அப்படி ஓடுகிறபோதும் மீன் கையைத் தள்ளிப் பிடிக்க வேண்டும் என்று எந்த நடிகைக்குத் தோன்றும்? பேனாவை எடுத்தேன். ஒலிக்குப் பதினெட்டு. நடிப்புக்கு இருபது. எழுதிவிட்டு அந்த எண்ணை நானே ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

சொல்தா மெஷினை நிறுத்தவில்லை. ரீலின் வால் டப்டப்பென்று அடித்துக்கொண்டிருந்தது. அவருடைய இடது கை விரல்கள் மடங்கியிருந்தன. எண்ணியிருக்கிறார்.

"மதாம், இது இன்னா மணின்னு உங்களுக்குத் தெரியுமா?"

"கோயில் மணி."

"துக்க மணி. பொம்பளன்னா ரெண்டு ரெண்டா அடிப்பாங்க. மூணு மூணுன்னா ஆம்பள. ஊருல ஒரு ஆம்பள செத்துட்டான்னு அர்த்தம்."

நான் இந்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் தெருவில் சாவென்றால் பறை. மணி என்றால் எனக்கு வெறும் மணி. படத்துக்குப் பொருத்தமாகத்தானே இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"அந்தம்மா நடிக்கல, மதாம்."

வாசல்படியிலிருந்தவளைக் கூப்பிட்டேன். வந்து நின்றாள். டேப்ரிக்கார்டரை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தே பேசினாள். அன்று பங்குச் சாமியார் டவுனுக்குப் போயிருந்தார், அப்பாவும் கூடப் போயிருந்தார். மணிக்கூண்டுச் சாவி வீட்டில் இருந்தது. தோழி ஒருத்தி கயிற்றை இழுக்க, கயிற்றைப் படமெடுத்துவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்து நின்றிருக்கிறாள்.

"தலைய மட்டும் திருப்பிப் பாப்பாங்கன்னு நெனச்சேன் மிஸ். ஓடி வருவாங்கன்னு நெனைக்கல."

"அந்தம்மா யாரு?"

"கெழக்குத் தெருவு. அவங்க வூட்டுக்காரருக்கு வயித்துல ஆப்ரேசன். அப்போ ஆஸ்பத்திரில இருந்தாரு."

எனக்குக் கோபம் வந்தால் குரல் கீச்சென்று போய்விடும். அன்றும் போனது. உனக்கு மனசாட்சி இருக்கிறதா, படிக்கிற பெண்தானா நீ, ஒரு பொம்பளையின் உயிரை வாங்கி அதைப் படமென்று கொண்டுவந்து வைக்கிறாயே என்று கத்தினேன். அவள் அழவில்லை. கடைசியில் மெதுவாக ஒன்று சொன்னாள்.

"நீங்கதான மிஸ் சொன்னீங்க. நடிக்காத முகம் வோணும்னு."

திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் கோபம் போகவில்லை. கோபத்தை எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை.

"அவரு இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்டேன்.

சொல்தாதான் பதில் சொன்னார். "அந்தப் படம் எடுத்து மூணு வாரத்துல செத்துட்டாரு." பிறகு ரீலை மெஷினிலிருந்து கழற்றிக்கொண்டே, "அதுல இன்னும் ஒண்ணு இருக்கு மதாம். அத நான் சொல்லக்கூடாது" என்றார்.

ரீல் கடல் தாண்டி எங்கோ கழுவப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அந்த மனிதர் இறந்துபோயிருக்கிறார். நாளை சாயங்காலம் அவர் மனைவி அவருடைய சாவுக்கு முன்கூட்டியே ஓடுவதை ஊர் உட்கார்ந்து பார்க்கும். கைகூடத் தட்டுவார்கள். நானே தட்டியிருப்பேன். இதை அவளிடம் கேட்காமல் எப்படிக் காட்டுவது? மதிப்பெண் தாளைச் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, "வா, அவங்க வூட்டக் காட்டு" என்றேன்.

"மிஸ், வேணாம் மிஸ். ரீலக் கொளுத்திடலாம். எனக்குக் கேமராவும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"கொளுத்துறதா வேணாமான்னு நீயும் நானும் முடிவு பண்ண முடியாது. நட."

கிழக்குத் தெரு கோயிலிலிருந்து முந்நூறு அடி இருக்கும். அந்த முந்நூறு அடியில் எதிரே வந்த நாலைந்து பேரும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். என்ன சொல்லித் தொடங்குவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். எந்த வாக்கியமும் பாதியைத் தாண்டவில்லை.

அவள் வாசலில் உட்கார்ந்து விதைக்கடலைக்காக மணிலாக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். சுவரில் பார்த்த அதே முகம், ஆனால் சதை வற்றியிருந்தது. நான் யாரென்று சொன்னேன். கோயில்பிள்ளை மகள் வேலியோரத்திலேயே நின்றுவிட்டாள்.

"உங்க மொகம் ஒரு படத்துல வந்திருக்கு. நாளைக்கு ஊருக்குக் காட்டப் போறாங்க. உங்களக் கேக்காம காட்டக்கூடாதுன்னு வந்தேன். வேணாம்னா இன்னிக்கே அழிச்சிடுவோம்."

கொட்டை உடைக்கிற கை நின்றது. "அன்னிக்கு மீனு கழுவிக்கினு இருந்தவ ஓடியாந்தனே, அதுவா?"

"ஆமா."

"நான் ஓடியாந்தது தெரியுதா அதுல?"

கேள்வி எனக்குப் புரியவில்லை. "நல்லாத் தெரியுது" என்றேன்.

அவள் முறத்தைத் தள்ளி வைத்தாள். வேலிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள், ஏதோ ரொம்ப நாளாக யாரும் கேட்காமல் வைத்திருந்ததைச் சொல்வது மாதிரி.

"அன்னிக்கு எண்ணுனேன் மிஸ். மூணு, மூணு, மூணு. ஊருல வேற எந்த ஆம்பளையும் படுத்துக்கினு இல்ல. இவருதான் பெரியாஸ்பத்திரில கெடந்தாரு, எங்க மாமியா தொணைக்கு அங்க இருந்துச்சு. போயிட்டாருன்னு ஓடுனேன். கோயிலாண்ட வந்து பாத்தா இந்தப் பொண்ணு கேமராவ வெச்சுக்கினு நிக்குது. எனக்குக் கோவங்கூட வரல. உயிரோட இருக்காரேன்னு அந்தப் படியிலயே குந்திக்கினு சிரிச்சேன்."

"அப்புறம்?"

"மூணு வாரம் போச்சு. நடவுன்னு நான் ஆஸ்பத்திரிலேந்து ஒரு நாளு வூட்டுக்கு வந்தேன். கொழுந்தன் அங்க கூட இருந்தாரு. நாங்க பதினோரு பேரு நட்டுக்கினு இருக்கோம். காலைல பத்து மணி இருக்கும். மணி அடிக்குது. எல்லாரும் நிமுந்தாங்க. நான் நிமுரல மிஸ். கோயில்புள்ள பொண்ணு மறுபடியும் படம் புடிக்குதுன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நான் எண்ணக்கூட இல்ல. ரெண்டு வரிசை நட்டேன். அப்பறந்தான் வரப்புல ஆளு ஓடியாந்துச்சு."

கொழுந்தன் ஆஸ்பத்திரியிலிருந்து சாமியார் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறான். ஊரில் இருந்தது அந்த ஒரு போன்தான். செய்தி வந்ததும் வழக்கப்படி கோயில்பிள்ளை மணி அடித்துவிட்டார். வீட்டில் தனியாக இருந்த மாமியார் எண்ணிப் பார்த்து, தள்ளாத காலோடு கோயிலுக்கு ஓடியிருக்கிறாள். மருமகள் சேற்றில் நின்று நட்டுக்கொண்டிருந்தாள்.

"கூட சேந்து சிரிச்சவளுவோதான் போயிச் சொன்னாளுவோ. புருசன் சாவு மணி கேட்டும் சிரிச்சுக்கினு நட்டான்னு. காரியம் முடிஞ்ச அன்னிக்கே எங்க மாமியா துணிய மூட்ட கட்டிக்கினு சின்ன மவன் வூட்டுக்குப் போயிடுச்சு. எம் மூஞ்சியப் பாக்குறதில்ல. பதினாறு வருசம் ஒரே வூட்டுல இருந்தோம். எனக்கு ஆத்தா இல்ல, அதுதான் எனக்கு ஆத்தா."

வேலியோரம் நின்றவள் முகத்தை மூடிக்கொண்டாள். இதுதான் சொல்தா சொல்லாமல் விட்டது. அந்தப் பெண்ணுக்கும் எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது.

நான் பேசியாக வேண்டும். "தப்பு என்னுதுங்க. நடிக்காத மொகம் வேணும்னு வகுப்புல சொன்னது நான்தான்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க இன்னா பண்ணுவீங்க, வெளியூரு" என்றாள். மன்னிப்பு இல்லை அது. என்னை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு எழுந்து கையைப் புடவையில் தட்டிக்கொண்டாள். "எனக்கு அதக் காட்டுங்க."

சொல்தாவின் வீட்டில் கம்பளிகளை மறுபடியும் இறக்கினோம். டேப்பைப் போட வேண்டாம் என்றேன். மெஷின் சத்தம் மட்டும். அவள் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பார்த்தாள். தன் முகம் பெரிதாகி வந்தபோது ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள். நான் சுவரைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு இத ஊருக்குப் போடுங்க" என்றாள். "எங்க மாமியா பாக்கணும். அத இட்டாறது உங்க பொறுப்பு."

"அக்கா, வேணாங்க்கா" என்றாள் கோயில்பிள்ளை மகள். அதுதான் முதல் தடவை அவளிடம் வாய் திறந்தது. "எல்லாரும் உங்களப் பாத்து..."

"பாக்கட்டும். நான் ஓடுவேன்னு பாக்கட்டும். உனக்கு இன்னா, வெக்கமா இருக்கா? இருக்கட்டும்."

அந்தம்மா போனபின் மதிப்பெண் தாளைப் பிரித்தேன். நடிப்புக்குப் போட்ட இருபதை அடித்துவிட்டு பூஜ்யம் எழுதினேன். நடிப்பு இல்லாத இடத்தில் நடிப்புக்கு மார்க் கிடையாது. ஒலியையும் அடித்தேன், அந்த மணியை அடிக்கக் கோயில்பிள்ளை மகளுக்கு உரிமை இல்லை. கூட்டிப் பார்த்தால் ஆற்று மணல் குழு முந்தியது. சொல்தா தாளை வாங்கிப் பார்த்தார். "கேமரா இவளுக்குத்தான் பொருத்தம் மதாம், உங்களுக்கும் தெரியும்" என்றார். தெரியும். அவளிடம் இருந்த கண் மற்ற பதினான்கு பேரிடமும் இல்லை. அதனால்தான் கொடுக்கப் பயமாக இருந்தது. அந்தப் பெண்ணிடம் நேரடியாகச் சொன்னேன்: படம் ஓடும், கேமரா உனக்கு இல்லை. "சரி மிஸ்" என்றாள். நான் செய்தது நியாயமா, என் குற்றத்தை அவள் கணக்கில் கழித்தேனா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சின்ன மகன் வீட்டுக்குப் போனேன். மாமியார் உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சினிமா பாக்குற நெலமையிலயாம்மா நான் இருக்கேன்? எம் புள்ளையப் பொதச்சு ரெண்டு மாசம் ஆவல."

"உங்க மருமக ஓடுனது அதுல இருக்குங்க."

"அவ ஓடல. எனக்குத் தெரியும்."

"மொத தடவ அடிச்சப்ப ஓடுனாங்க."

அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அவள் வராவிட்டால் இந்தப் படத்தை ஊருக்குக் காட்டுவது வெறும் கொடுமைதான்.

சாயங்காலப் பூசை முடிந்து ஜனம் பள்ளிக்கூடத்து முற்றத்தில் கூடியது. மணியோசை கொண்ட டேப்பைப் போட மாட்டோம் என்று கோயில்பிள்ளையிடம் முன்பே வாக்குக் கொடுத்திருந்தோம். அவர் படத்தைப் பார்க்க வரவும் இல்லை. மருமகள் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு பக்கமும் ஒரு ஆள் அளவு இடம் விட்டுத்தான் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். குரங்குக் குல்லாவுக்குச் சிரித்தார்கள். மணல் கைக்கு விசில் அடித்தார்கள். கரும்புத் தோட்டமும் முடிந்தது. மாமியார் வரவில்லை. சொல்தா நான்காவது ரீலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று சைகை காட்டினேன். ரீலை மாட்டுவதுபோல் கழற்றினார், மாட்டினார். கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியது. அப்போதுதான் பின்னால் சுவரோரமாக, சின்ன மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் வந்து நின்றாள்.

தெரு வந்தது. ஆடு வந்தது. தங்கள் தெருவைப் பார்த்ததும் ஜனம் கலகலத்தது. கயிறு வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. சத்தம் இல்லாமலேயே அத்தனை பேரும் எண்ணினார்கள், எனக்கு முன்னால் இருந்தவர்களின் உதடுகள் அசைந்தன. நான் பதினெட்டு கொடுத்த ஒலியைவிட அந்த மௌனம் பயங்கரமாக இருந்தது. கதவுகள் திறந்தன. தெருக்கோடியிலிருந்து அவள் ஓடிவந்தாள். முகம் சுவரை நிறைத்தது, தாண்டிப் போனது. ஒருத்தரும் கை தட்டவில்லை. வயலில் கூட நின்று சிரித்தவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பின்னாலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "இன்னொரு தபா போடு."

ரீலைத் திருப்பிச் சுற்றும்வரை முற்றம் அப்படியே உட்கார்ந்திருந்தது. இரண்டாவது தடவை ஓடியபோது அவள் மகனின் தோளை விட்டுவிட்டுக் கூட்டத்தின் ஓரமாகவே முன்னால் வந்தாள். படம் முடிந்து விளக்கைப் போட்டபோது மருமகளுக்குப் பக்கத்தில் விட்டிருந்த காலி இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். மருமகள் தலை நிமிரவில்லை. சொல்தா மெஷினின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"செருப்புப் போடலியாடி நீ?"

"இல்ல அத்தே."

அந்தப் படத்தை நான் அதுவரை மூன்று தடவை பார்த்திருந்தேன். மதிப்பெண் போட்டேன், அடித்தேன், மறுபடி போட்டேன். அவள் காலை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

மாமியார் மெதுவாகக் குனிந்து தரையில் கை ஊன்றி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த வெயில்ல, தாரு ரோட்டுல. காலு சுட்டுச்சா?"

"தெரியல அத்தே."